தெமோதரைத் தையல்

"நல்லையா! நல்லையா! ஜெயலெட்சுமிக்குத் தாபரிப்புக் காசு கட்டுற டெய்லர் நல்லையா!"

பதுளை நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி சேவகர் ஸஹாப்தீன் போட்ட சத்தத்தில், பண்டாரவளை பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த சனம்கூட ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவருடைய உத்தியோகம். எதற்காக வந்த ஆள் என்பதையும் சேர்த்துக் கூவ வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. அது அவர் சம்பளம் வாங்காமல் செய்த பொதுச் சேவை.

"வந்துட்டேன்யா! பக்கத்துலதான நிக்கிறேன், ஏலம் போடணுமா?" என்று நல்லையா மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"மூணு தரம் கூப்பிடோணும் மாஸ்டர். கோட்டு முறை. இன்னம் ரெண்டு தரம் பாக்கி ஈக்கி," என்று சொல்லிவிட்டு ஸஹாப்தீன் மூச்சை இழுத்தார்.

மாதா மாதம் இதே கதிதான். பதுளை பசார் தெருவில் 'நல்லையா டெய்லர்ஸ்' என்றால் பேர் போன கடை. பெல்பாட்டம் தைப்பதில் ஊவா மாகாணத்திலேயே அவரை அடிக்க ஆள் இல்லை. லுணுகலைப் பக்கத்து இளவட்டங்கள் அவர் வெட்டிய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தால் தெரு கூட்ட விளக்குமாறே தேவையில்லை. அப்படிப்பட்ட மனுசன் மாதத்தில் ஒரு நாள் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சந்து பொந்தெல்லாம் புகுந்து கோட்டுக்கு வருவார். வந்து என்ன? ஸஹாப்தீன் மூன்று தடவையில் துண்டை உருவிவிடுவார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு ஜாக்கெட்.

ஐந்து தீபாவளிக்கு முந்தின கதை. அப்போது ஜெயலெட்சுமி அவருடைய சம்சாரம். கடையில் இரண்டு மிசின். ஒன்றில் அவர், ஒன்றில் அவள். வெட்டவும் தைக்கவும் அவர்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தார். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த கையோடு தேயிலைத் தோட்டத்துச் சனம் துணியும் கையுமாகக் கடையை நிறைத்திருந்த நேரம். பூனாகலை இராக்கம்மாவின் சிவப்பு ஜாக்கெட்டை ஜெயலெட்சுமி தைத்து முடித்து நீட்டினாள். மாஸ்டருக்கு அன்று என்ன கிரகமோ, அதை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "இது தையலா, தெமோதரை ரயில் பாதையா? எத்தனை வளைவு!" என்று கேட்டுவிட்டு, பிளேடை எடுத்து ஒரு கையைச் சரக்கென்று பிரித்துப் போட்டார். சனம் சிரித்தது. ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள், செருப்பைப் போட்டாள், போய்விட்டாள்.

அவளைச் சமாதானம் பண்ண ஒரு வார்த்தை போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். மாஸ்டர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வாரா? விவாகரத்து வழக்கில் கூண்டில் ஏறி நின்றுகூட, "தையல் கோணல்தாங்க ஐயா," என்றார். கல்யாணம் முறிந்தது. அவள் செலவுக்கு மாதா மாதம் கோட்டில் தாபரிப்புக் கட்ட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஜெயலெட்சுமி அவர் கடைக்கு நேர் எதிரே, ரொட்டிக் கடைக்குப் பக்கத்து ஒற்றைக் கதவு அறையில் ஒரு பழைய மிசினைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தெருவில் எதிர்ப்பட்டால் அவளும் மற்றவர்களைப் போல "மாஸ்டர்" என்றே கூப்பிட்டாள். அது அவருக்கு என்னவோ செய்யும். வெளியில் சொல்லமாட்டார்.

சரி, வராந்தாவுக்கு வருவோம். தைப்பொங்கல் கழிந்த மாதம் அது. காசைக் கட்டிவிட்டுத் துண்டைத் தேடிய மாஸ்டரின் கண்ணில், தூணுக்கு அந்தப் பக்கம் ஜெயலெட்சுமியே தென்பட்டாள். ஸஹாப்தீனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டிக் காதைத் தீட்டினார்.

"கோட்டுல ஒருக்கா போட்ட தாபரிப்பு உத்தரவ, பொறகு மாத்த முடியுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"தாராளமா ஏலும். லோயர் ஒருத்தரப் புடிச்சு மனுப் போடோணும்."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அவள் படியிறங்கிப் போனதும் மாஸ்டர் பாய்ந்து வந்து ஸஹாப்தீனின் கையைப் பிடித்தார்.

"என்னா கேட்டா? என்னா கேட்டுட்டுப் போறா?"

"அத உங்களுக்குச் செல்ல ஏலாது மாஸ்டர். நீங்க எதிர்க்கட்சி."

"கூட்டிக் கேக்க வந்தாளா?"

"வழக்கு ஏதும் வந்து முடிஞ்சதுக்குப் பொறகு கேளுங்க, செல்றேன்," என்று ஸஹாப்தீன் அடுத்த ஆளைக் கூவப் போய்விட்டார். ஊர் மானத்தையெல்லாம் பஸ் ஸ்டாண்டுவரைக்கும் அனுப்புகிற வாய், அன்றைக்குப் பார்த்துப் பூட்டிக்கொண்டது!

மாஸ்டர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே கடைக்கு நடந்தார். கடை வாடகை ஏறிக் கிடக்கிறது. தாபரிப்பும் ஏறினால் மிசினை விற்க வேண்டியதுதான். மிசினை விற்றால் நல்லையா டெய்லர்ஸ் ஏது, நல்லையாதான் ஏது? அவள் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே சட்டத்தரணி சிவஞானத்தின் வாசலில் போய் நின்றார்.

"ஐயா, விவாகரத்துதான் முடிஞ்சுபோச்சே. முடிஞ்சதுக்குப் பொறகு உத்தரவ மாத்த முடியுமா?"

சிவஞானம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க தொழில்லயே சொல்றேன் மாஸ்டர். விவாகரத்து வெட்டின துணி. வெட்டினது வெட்டினதுதான். தாபரிப்பு தச்ச துணி. ஆளு மெலிஞ்சா இறுக்கலாம், பெருத்தா தளர்த்தலாம். ஆனா ஆளு மெலிஞ்சிருக்கணும். நிலைமை மாறினதக் கோட்டுக்குக் காட்டணும். உங்க வருமானம் கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்ச மாதிரி காட்டினா?"

"அந்தக் கேள்வி என் காதுல விழல. நீங்களும் சொல்லல," என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார் சிவஞானம். தாபரிப்பைக் குறைக்கச் சொல்லி மனு போடப்பட்டது.

அன்றே மாஸ்டர் ஏழையாகத் தொடங்கினார். அது அவர் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. நல்ல சட்டை ஒன்றை எடுத்துத் தோளில் கிழித்தார். கிழிசல் நூல் பிடித்தது போல நேராக வந்தது. அதைப் பார்த்த கை சும்மா இருக்குமா? தன்னாலே மடித்துத் தைத்துவிட்டது. இரண்டாவது சட்டையிலும் அதே கதை. மூன்றாவது சட்டையைத் துணி துவைக்கும் கல்லில் போட்டு அடித்து, பொத்தான்களைப் பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினார். கடைப் பெயர்ப் பலகையை ஒரு பக்கம் சாய்த்துத் தொங்கவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே அழுகை வந்தது. பரம திருப்தி.

அந்த வாரமே பூனாகலையிலிருந்து இராக்கம்மா வந்து இறங்கினாள். தோட்டத்து மேல் பிரிவான மேல் கணக்கில், லயத்து வரிசை வீட்டில் இருந்து கொழுந்து பறிப்பவள். இராக்கம்மா எந்தக் கடையில் துணி கொடுக்கிறாளோ, அந்தக் கடையில்தான் முழு லயமும் கொடுக்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காக ஒரு முழுத் துணிக்கட்டையே தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரே பூப்போட்ட துணி, லயத்துக்கே அதுதான். வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னா மாஸ்டரு இது கோலம்?"

"கஷ்டம், இராக்கம்மா. ரொம்பக் கஷ்டம்," என்றார் மாஸ்டர், தெருவுக்கே கேட்கும்படி.

"கஷ்டம்னா சோத்துக்குத்தான வரும், பொத்தானுக்குமா வரும்? டெய்லர் கடையில பொத்தானுக்குப் பஞ்சமா? தன் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்க நாதியில்லாதவருகிட்ட எங்க துணியக் குடுத்தா, திருவிழாவுக்கு நாங்க சாக்கச் சுத்திக்கிட்டுத்தான் சாமி கும்புடணும்!"

"அடியே, இது வந்து..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேஷம் என்று எப்படிச் சொல்வது? தெருவில் பாதிப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் நாளைக்குச் சாட்சி.

இராக்கம்மா துணிக்கட்டை மறுபடி தலைக்கு ஏற்றினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், தெருவைக் கடந்து நேரே ஜெயலெட்சுமியின் ஒற்றைக் கதவுக்குள் புகுந்துவிட்டாள். மறு ஞாயிற்றுக்கிழமை பூனாகலை மேல் கணக்கு மொத்தமும் அவள் பின்னாலேயே போனது.

"சபாஷ்!" என்றார் சிவஞானம், இதைக் கேட்டதும். "வருமானம் நெஜமாவே கொறஞ்சிருச்சு. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. வேணும்னே கடையக் கெடுத்துக்கிட்டீங்கன்னு ஜட்ஜ் ஐயா கேக்கலாம். அந்தம்மாவோட வருமானம் கூடியிருக்குன்னும் காட்டிட்டா வழக்கு நம்ம பக்கம். அவங்களுக்கு வியாபாரம் எப்படி?"

"ஒரு லயம் போயிருக்கு."

"ஒரு லயம் பத்தாது."

பத்தாது என்றால் அனுப்ப வேண்டியதுதானே! மாஸ்டர் தன் மிச்ச வாடிக்கையையும் எதிர்க் கடைக்குத் திருப்பத் தொடங்கினார். லுணுகலைச் சனம் வந்தால், "எனக்குக் கை வலி. எதிர்க்கப் போங்க, அந்தம்மாவுக்குக் கைராசி," என்பார்.

"தையல் எப்படிங்க மாஸ்டர்?" என்று கேட்பார்கள்.

"கைராசி இருக்கு."

"தையல் நல்லா இருக்குமான்னு கேட்டோம்."

"கைராசின்னு சொல்றேன்ல? போய்யா!" என்று எரிந்து விழுவார். வாடிக்கையைத் தாரை வார்க்க மனசு வந்த மனுசனுக்கு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் தாரை வார்க்க வாய் வரவில்லை.

கைராசி என்ற சொல்லைத் தோட்டத்தில் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த மானாப் புல்லில் நெருப்பு வைத்த மாதிரிதான். ஜெயலெட்சுமி தைத்த பாவாடையைப் போட்ட பிள்ளைக்கு மறு வாரமே பரிசம் போட்டார்கள். அவள் தைத்த சட்டையைப் போட்ட கங்காணிக்குக் காணாமல் போன மாடு தானாக வீடு திரும்பியது. மாடு பசிக்குத்தான் வந்திருக்கும், ஆனால் மாட்டை யார் விசாரித்தார்கள்? ஆடி பிறப்பதற்குள் அந்த ஒற்றைக் கதவு இரட்டைக் கதவாகி, பக்கத்து அறையும் சேர்ந்து, புதிதாக இறக்குமதியான கரண்ட் மிசின் ஒன்றும் வந்து இறங்கியது. வாசலில் கலர் பல்பு சுற்றிய பலகை: 'ஜெயம் லேடீஸ் அன்ட் ஜென்ட்ஸ்'.

அந்த 'ஜென்ட்ஸ்' மாஸ்டரின் நெஞ்சில் ஊசியாய் இறங்கியது. மறு வாரம் லுணுகலை இளவட்டங்கள் எதிர்க் கடையிலிருந்து பெல்பாட்டத்தோடு வெளியே வந்தார்கள். மாஸ்டர் தன் கடைக்குள் இருந்து, கழுத்தை நீட்டி நீட்டி அந்தக் காற்சட்டைகளின் ஓரத்தையே பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

இப்போது அவர் கிழிந்த சட்டைக்கு நடிப்புத் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு அவருக்கு வந்த ஒரே வேலை ஸஹாப்தீனின் தலையணை உறை. "நான் மட்டும்தான் மாஸ்டர் உங்கள மறக்கல்ல," என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் அவர்.

"நெலம கைய மீறிப் போகுதுங்க ஐயா. இந்த வழக்கு எப்பதான் விசாரணைக்கு வரும்?" என்று சிவஞானத்திடம் அழாக் குறையாகக் கேட்டார்.

"தவணை தள்ளிட்டே போகுது. ஆனா ஒரு விசித்திரம் பாருங்க. அந்தப் பக்கத்துல எதையுமே மறுக்கல. லோயர் வைக்கல. ஆட்சேபணை இல்லைங்கறாங்க. மனுப் போட்டவர் கூண்டுல ஏறித் தன் வாயால சாட்சி சொல்லணும்னு மட்டும் கேக்கறாங்க."

"அவளுக்கு நான் அவமானப்படறதப் பாக்கணும்!"

"இருக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு. அந்தம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா தாபரிப்பு தானா நின்னுரும். வழக்கே வேணாம்."

மாஸ்டருக்குப் பொறி தட்டியது. வெலிமடையில் மாரிசாமி இருக்கிறார். உருளைக்கிழங்கு லொறி இரண்டு, சொந்த வீடு. சம்சாரம் தவறிப் பல வருஷம். அடுத்த பஸ்ஸிலேயே வெலிமடைக்கு ஏறினார் மாஸ்டர். மாரிசாமியின் கடையில் கரட் மூட்டைக்கும் லீக்ஸ் கட்டுக்கும் நடுவே உட்கார்ந்து, தன் முன்னாள் சம்சாரத்தின் அருமை பெருமைகளை அவிழ்த்துவிட்டார்.

"தங்கமான கொணம் அண்ணே. வாய் அதிகம் பேசாது. மீன் கொழம்பு வச்சா தெரு முழுக்க வாசம் வரும். கோவம் வந்தாக்கூட கண்ணுலதான் தெரியும். காலையில எந்திரிச்சு மிசினுக்கு எண்ணெய் விட்டுட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கும். பாட்டு ஒண்ண மொணங்கிக்கிட்டே தைக்கும், பாருங்க..."

சொல்லச் சொல்ல அந்தப் பாட்டை அவரே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். மாரிசாமி கிழங்கு பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. இவ்வளவு நல்ல பொம்பளைய நீ எதுக்கு விட்ட?"

மாஸ்டர் ஒரு லீக்ஸ் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "லீக்ஸ் என்ன வெல போகுதுண்ணே?" என்றார்.

மாரிசாமி போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் மாஸ்டரின் கடைக்கு வந்தபோது உடம்பில் புதுச் சட்டை. லொறி ஓட்டுகிற பையன்களுக்கெல்லாம் யூனிபோம் தைக்கவும் எதிர்க் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"பொண்ணு மாட்டேன்னுருச்சு தம்பி. ஆனா சட்டையப் பாரு, என்ன மாதிரி நிக்குது!"

"எதுக்கு மாட்டாளாம்?"

"'முன்ன இருந்த மாஸ்டர் என் தொழிலப் பத்தி ஒரு பேச்சு பேசிட்டாரு. அது தீராம வேற பேச்சு இல்ல'ன்னுச்சு. என்ன பேச்சு தம்பி அது?"

"லீக்ஸ் வெல எறங்கிருச்சாண்ணே?" என்றார் மாஸ்டர்.

தீபாவளி முடிந்து ஒரு மழைக் காலையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. "நல்லையா! நல்லையா! தாபரிப்பக் கொறைக்கச் செல்லி அழுவுற டெய்லர் நல்லையா!" என்று ஸஹாப்தீன் மூன்று தரமும் கூவி முடித்தார். கோடு நிறையச் சனம். பாதிப் பேர் பழைய வாடிக்கை. எல்லார் உடம்பிலும் ஜெயம் லேடீஸ் அன்ட் ஜென்ட்ஸ். தன் பக்கத்துச் சாட்சியாக இராக்கம்மாவை அழைத்திருந்தார் மாஸ்டர். ஜெயலெட்சுமி நீல வாயில் சேலையில் ஓரமாக நின்றாள். அவரைப் பார்க்கவில்லை.

நீதிபதி சிங்களத்தில் கேட்டதை, மொழிபெயர்க்கும் முதலியார் இரண்டு அங்குலம் கூட்டித் தமிழில் சொல்லுவார். முதலில் சிவஞானம் கேட்டார், மாஸ்டர் ஒப்பித்தார். தனக்கு வருமானம் இல்லை. எதிர்மனுதாரருக்குத் தோட்டம் தோட்டமாகச் சனம் வருகிறது. ஆகவே தாபரிப்பை ரத்துச் செய்ய வேண்டும். சிவஞானம் திருப்தியாக உட்கார்ந்தார்.

"எதிர்மனுதாரருக்கு வினவுவதற்கு யாதேனும் உண்டா?" என்றார் முதலியார்.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்று ஜெயலெட்சுமி முன்னால் வந்தாள். "மாஸ்டர், முந்தின வழக்குல இதே கூண்டுல நின்னு என் தையல் கோணல்னு சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. கோணலாத் தைக்கிறவகிட்ட எப்படி இவ்வளவு சனம் வரும்?"

கோட்டில் எல்லாத் தலையும் கூண்டுப் பக்கம் திரும்பியது. மாஸ்டருக்கு வேர்த்தது. கோணல் என்றால் வருமானம் எப்படி வரும், மனு தள்ளுபடி. நேர் என்றால்... நேர் என்று எப்படிச் சொல்வது?

"கைராசிங்க ஐயா," என்றார் மெதுவாக.

முதலியார் மொழிபெயர்த்தார். நீதிபதி புருவத்தை உயர்த்தினார். "கைராசியைச் சட்டத்தினால் அளவிட இயலாது," என்று முதலியார் முழங்கினார். "தையல் நேரா, கோணலா? நேரடியாக விடை பகர்க!"

"பாத்தாத்தானுங்க ஐயா சொல்ல முடியும்," என்று மாஸ்டர் நழுவப் பார்த்தார்.

"பாக்கணுமா? இந்தா இருக்கு!" என்று ஒரு குரல் வந்தது. இராக்கம்மா கோரைப் பன்பையைத் துழாவி ஒரு சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து ஆட்டினாள். "அன்னிக்குப் பிரிச்ச அதே ஜாக்கெட்டுங்க சாமி! இப்ப எனக்குப் பத்தாது. ஒரு கல்யாணத்தையே பிரிச்ச ஜாக்கெட்டு ஆச்சே, தூக்கிப் போட மனசு வரல, சாட்சிக்கு ஆகும்னு கொண்டாந்தேன்."

நீதிபதிக்கே சிரிப்பு வந்தது போலிருக்கிறது, கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். ஜாக்கெட் கூண்டுக்கு வந்தது. அதைக் கையில் வாங்கியதும் மாஸ்டருக்குப் பழைய தெம்பு திரும்பியது. ஐந்து வருஷமாகச் சொல்லி வந்ததை நிரூபித்துக் காட்டிவிட வேண்டும் என்ற வெறியில் வழக்கு, தாபரிப்பு, கடை எல்லாம் மறந்தே போயிற்று. ஒரு கையைத் திருப்பினார், மறு கையைத் திருப்பினார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வைத்தார். முகம் மலர்ந்தது.

"இந்தாங்க ஐயா! இந்தக் கை. பாருங்க வளைவ! நான் அன்னிக்குச் சொன்னது பொய்யா? அச்சு அசல் தெமோதரை!"

"அய்யய்யோ மாஸ்டரு!" என்று இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அது நீங்க பிரிச்சுத் திருப்பித் தச்ச கை! செவப்பு நூல் முடிஞ்சு போச்சுன்னு மெரூன் நூல் போட்டுத் தச்சுக் குடுத்தீங்களே, பாருங்க!"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். மெரூன் நூல்.

கோடு வெடித்தது. லுணுகலை இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். ஸஹாப்தீன் "சைலன்ஸ்!" என்று கத்திவிட்டு, தானே திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் அடங்கியதும் முதலியார் கேட்டார்: "எனில், மற்றைய கை?"

மற்றக் கை சிவப்பு நூல். ஐந்து தீபாவளிக்கு முந்தி ஜெயலெட்சுமி தைத்தபடியே இருந்தது. இத்தனை துவைப்புக்குப் பிறகும் ஒரு தையல் விலகவில்லை. கோணல் என்று சொல்லிவிடலாம். நீதிபதிக்கு என்ன தையலா தெரியும்? மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆனால் அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல முப்பது வருஷத் தொழில் விடவில்லை. அவளைப் பார்த்தார். இப்போதுதான் அவளும் அவரைப் பார்த்தாள்.

"நேர்," என்றார்.

"சத்தமாக!" என்றார் முதலியார்.

"நேர்தாங்க ஐயா! இந்த ஊவா மாகாணத்துலயே இப்பிடித் தைக்க ஆள் இல்லைங்க! என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

ஜெயலெட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீதிபதி எழுதினார். எழுதிவிட்டு மாஸ்டரின் பொத்தானில்லாத சட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். முதலியார் அதை ஒரு தரம் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் மொழிபெயர்த்தார்.

"மனுதாரர் வறியவர் என்பதும், எதிர்மனுதாரர் வசதி படைத்தவர் என்பதும் மனுதாரரின் வாய்மொழியாலேயே நிரூபணமாயிற்று. தாபரிப்பு என்பது பெண்ணுக்கு மட்டும் உரியது என்று சட்டம் கூறவில்லை. நிலைமை மாறினால் உத்தரவும் மாறும். ஆகவே இனிமேல் மாதந்தோறும் எதிர்மனுதாரரே மனுதாரருக்குத் தாபரிப்புச் செலுத்துவார். எதிர்மனுதாரருக்குச் சம்மதமா?"

"ஐயோ, வேணாங்க ஐயா!" என்று மாஸ்டர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"சம்மதங்க ஐயா," என்றாள் ஜெயலெட்சுமி அடக்கமாக. "ஆனா கையில குடுக்க மாட்டேன். கோட்டுலயே கட்டுறேன். மூணு தரம் கூப்பிட்டதுக்குப் பொறகு வந்து வாங்கிக்கட்டும்."

எல்லாம் முடிந்து, சனம் சிரித்துச் சிரித்துக் கலைந்த பிறகு, மாஸ்டர் வராந்தாவின் வாங்குப் பலகையில் சிவப்பு ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இராக்கம்மா அதைத் திருப்பி வாங்க மறந்துவிட்டாளோ, வேண்டுமென்றே விட்டுவிட்டாளோ தெரியாது. பக்கத்தில் ஸஹாப்தீன் அடுத்த மாதத்துக்கு இப்போதே தொண்டையைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெயலெட்சுமிக்கிட்டத் தாபரிப்பு வாங்குற டெய்லர் நல்லையா! எப்படி மாஸ்டர், நல்லா விழுவுதா?"

"சும்மா இருய்யா! தைப்பொங்கலப்போ அவ காசக் கூட்டிக் கேக்க வந்தாளே, அதுக்குப் பயந்துதான நான் மனுப் போட்டேன்! எல்லா வினையும் அவளால வந்ததுதான்!"

ஸஹாப்தீன் பழகுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"கூட்டவா? வழக்கு முடிஞ்சிட்டு, இனிச் செல்லலாம்: அந்தம்மா அன்னைக்கு வந்தது உங்க காசு வேணாம், நிப்பாட்ட வழி ஈக்கான்னு கேட்டுத்தான் மாஸ்டர்! நீங்க முந்திக்கிட்டு மனுப் போட்டதும்தான், 'அப்ப சரி ஸஹாப்தீன் நானா, அந்த மனுசன் கூண்டுல ஏறி என் தையல் நேர்னு சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்'னு செல்லிட்டுப் போனாங்க!"